சிபாரிசும் சான்றும்



தமிழர் நாவில் அடுத்தடுத்து வழங்கும் இரண்டு சொற்களைப் பற்றி இன்று சிறிது சிந்திக்க விரும்புகிறோம். ஒன்று சிபாரிசு, மற்றொன்று சான்று. சிபாரிசு என்பது பாரசீக மூலத்திலிருந்து நம் அலுவலகங்களுக்குள் வந்து, அங்கேயே நிலையாகத் தங்கிவிட்ட சொல். சான்று என்பதோ நம் மொழியிலேயே வளர்ந்தது. சான்றோர் என்னும் பெருஞ்சொல்லுக்கு அருகில் நிற்பது. சாட்சி என்று நாம் வழங்கும் வடசொல்லும், கண்ணால் கண்டவன் என்ற கருத்தையே தன்னுள் கொண்டது. ஆயினும், நடைமுறையில் இவற்றுக்கிடையேயுள்ள வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம்.

ஒருவர் புதிய வேலைக்கு விண்ணப்பம் செய்கிறார். அவரோடு முன்பு பணியாற்றியவர்கள் இருவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் தரும்படி புதிய நிறுவனம் கேட்கிறது. அவர் நம்முடைய பெயரைக் கொடுக்கிறார். சில நாட்களில் நமக்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது. அல்லது ஒரு கடிதம் எழுதித் தரும்படி அவரே நம்மிடம் வந்து கேட்கிறார். அப்போது நாம் செய்ய வேண்டியது சிபாரிசா, சான்றா? இக்கேள்விக்கு நாம் மனத்திற்குள் என்ன விடை வைத்திருக்கிறோமோ, அதைப் பொறுத்தே நம் சொல்லின் தரம் அமையும். சிபாரிசு செய்பவர் தம் செல்வாக்கைக் கொடுக்கிறார். சான்று கூறுபவர் தாம் கண்டதைக் கொடுக்கிறார். செல்வாக்கு என்பது சிலரிடமே உண்டு. கண்டதைச் சொல்லும் ஆற்றலோ, உடன் உழைத்த எவருக்கும் உண்டு.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் கலையைப் பற்றித் திருக்குறள் இரண்டு அதிகாரங்களில் விரிவாகப் பேசுகிறது. தெரிந்து தெளிதல் என்பது 51-ஆம் அதிகாரம். தெரிந்து வினையாடல் என்பது 52-ஆம் அதிகாரம். இரண்டும் தேர்ந்தெடுக்கும் தலைவனை முன்னிறுத்திக் கூறப்பட்டவை. ஆனால், தேர்ந்தெடுப்பவர் எல்லாவற்றையும் தாமே கண்டறிய இயலாத காலம் இது. அவர் பிறர் சொல்லைக் கேட்டே முடிவு செய்கிறார். ஆகவே, அந்தச் சொல்லைச் சொல்பவருடைய கடமை யாது என்று ஆராய்வதும் நமக்கு வேண்டியதாகிறது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழருக்கு இப்பொருள் இன்னும் நெருக்கமானது. சொந்த ஊரில் ஒருவரைப் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. அவருடைய பள்ளி ஆசிரியருக்கு அவரைத் தெரியும். மளிகைக் கடைக்காரருக்கு அவர் குடும்பத்தின் நாணயம் தெரியும். ஊரை விட்டு வெளியே வந்துவிட்டால் இவை ஒன்றும் உடன் வருவதில்லை. புது ஊரில் ஒருவருடைய பத்தாண்டு உழைப்பை அறிந்தவர்கள், அவர் பக்கத்தில் நின்று வேலை செய்த நாலைந்து பேர்தாம். அவர்களும் சொல்லாவிட்டால் அந்தப் பத்தாண்டும் நடவாதது போலவே ஆகிவிடும்.

நாம் குடியிருக்கும் ஹெப்பகோடி இதற்கு ஏற்ற உதாரணம். பெங்களூரின் தென்கிழக்கே, ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்த ஊர் இது. ஒரு பக்கம் எலக்ட்ரானிக் சிட்டி. மறுபக்கம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. அதே சாலையில் தெற்கே சென்றால் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து ஓசூரை அடையலாம். 2025 ஆகஸ்டு 10-ஆம் நாள் திறக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் தடம், ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை செல்லும் வழியில் இவ்வூரிலும் நிற்கிறது. காலையில் இச்சாலையில் நின்று பார்த்தால் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் காதில் விழும். கணிப்பொறி எழுதுவோரும், மருந்து செய்வோரும், ஆடை தைப்போரும், இயந்திரம் ஓட்டுவோரும் ஒரே பேருந்துக்குக் காத்து நிற்பார்கள். வேலை மாறுவது இங்கே அன்றாட நிகழ்ச்சி. ஆதலின், சான்று கேட்பதும் கொடுப்பதும் அன்றாட நிகழ்ச்சியே.

மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பதால், இத்தகைய கடிதங்களோடு அக்கம்பக்கத்தார் நம்மைத் தேடி வருவதுண்டு. தருமபுரிப் பக்கத்தைச் சேர்ந்த ஓர் இயந்திரத் தொழிலாளி ஒரு முறை வந்தார். அவர் வேலை செய்த தொழிற்கூடம் மூடப்பட்டுவிட்டது. பணி ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியிருந்த பழைய மேற்பார்வையாளரிடம் தமிழில் ஒரு கடிதம் வாங்கி வந்திருந்தார். நல்ல பையன், சொன்ன வேலையைச் செய்வான், வேலை கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று மூன்றே வரி. அதை ஆங்கிலத்தில் ஆக்கித் தர வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். பின்பு சற்றுத் தயங்கி, "சார், அப்படியே நாலு வார்த்தை கூட்டிப் போட்டுவிடுங்கள், அவர் ஒன்றும் சொல்லமாட்டார்" என்றார்.

மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பில் சேர்க்க நமக்கு உரிமை இல்லை. அதை அவரிடம் சொன்னோம். ஆயினும், அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருடைய உழைப்புக்கு அந்த மூன்று வரி போதுமானதன்று. எனவே, அவர் முன்னிலையிலேயே மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்து, புகழ்ச்சி வேண்டாம், நீங்கள் கண்டது என்ன என்று மட்டும் கேட்டோம். அவர் பத்து நிமிடம் பேசினார். ஆறு ஆண்டுகள் தம் கீழே லேத் இயந்திரத்தில் வேலை செய்தவர் என்றார். அளவு தவறினால் அந்த உருப்படியை மற்றவற்றோடு மறைத்து வைக்காமல், இயந்திரத்தை நிறுத்திவிட்டு உடனே வந்து சொல்வார் என்றார். புதிதாக வந்த இருவருக்குத் தொழில் பழக்கியவர் என்றார். டிராயிங் என்று தொழிலாளர் கூறும் வரைபடத்தைப் படிப்பதில் மட்டும் சிறிது மெதுவானவர். உடன் ஒருவர் இருந்தால் தவறு வராது என்றும் சொன்னார்.

இவற்றை எட்டு வாக்கியங்களாக மேற்பார்வையாளரே எழுதி அனுப்பினார். நாம் மொழிபெயர்த்தோம். கடைசி வரியைக் கேட்டபோது தொழிலாளியின் முகம் வாடியது. அதை நீக்கிவிடலாகாதா என்று கேட்டார். மேற்பார்வையாளர் உறுதியாக மறுத்துவிட்டார். "தம்பி, அந்த வரியை எடுத்துவிட்டால் மற்ற ஏழு வரியையும் நம்பமாட்டார்கள்" என்பது அவர் சொன்ன விடை. வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி நின்ற நேரத்தில் அந்த ஒரு வரியை ஏற்றுக்கொள்வது எளிதன்று. அவர் ஏற்றுக்கொண்டார். புதிய தொழிற்கூடத்தார் அந்த வரியைப் பற்றியே கேட்டார்கள். கேட்ட பின், மூன்று மாதம் அனுபவசாலி ஒருவருடன் சேர்த்து அவரை வேலையில் அமர்த்தினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

நேயர்களே, உடன் பணியாற்றியவரைப் பற்றிக் கூறப்பட்ட சான்றுகளில், நம் நாட்டில் இன்றளவும் நினைக்கத்தக்க வரலாறு ஒன்று உண்டு. கணித மேதை சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கைதான் அது. அவருடைய மேதைமையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அம்மேதைமை சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்குச் சென்ற பாதை முழுவதும் சான்றுக் கடிதங்களால் போடப்பட்டது என்பதை அவ்வளவாக எண்ணுவதில்லை.

கல்லூரித் தேர்வில் தேறாமல், பட்டம் பெறாமல், வேலை தேடி அலைந்த இளைஞர் அவர். 1910-இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரிடம் சென்று, அவருடைய அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை கேட்டார். ராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்தவர். ராமானுஜனின் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்த அவர், இத்தகைய அறிவைத் தம் அலுவலகத்தின் கடைசிப் படியில் அடைத்துவிட மனம் இல்லாதவராய், சென்னையிலுள்ள கணித நண்பர்களிடம் அவரை அனுப்பி வைத்தார். கேட்ட வேலை கிடைக்கவில்லை. ஆனால், அவரை அறியத்தக்கவர்களிடம் போய்ச் சேர்வதற்கு வழி கிடைத்தது.

1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலைக்கு ராமானுஜன் விண்ணப்பித்தார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்து அதற்கு மேல் தொடர இயலாமற்போனதையும் அதில் மறைக்காமல் எழுதினார். அதனுடன், மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த சான்றும் இருந்தது. கணிதத்தில் இவருடைய திறமை மிகவும் அரிதானது என்பது அதன் கருத்து. மார்ச்சு 1-ஆம் நாள் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார்.

அந்த அலுவலகத்தில் அவருக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் எஸ். நாராயண ஐயர். அவரும் கணிதம் அறிந்தவர். மாலை வேளைகளில் இருவரும் பலகையில் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். உடன் வேலை செய்பவர் என்ன செய்ய வல்லவர் என்பதை நாள்தோறும் பக்கத்திலிருந்து கண்டவர் நாராயண ஐயரே. அவர் சொன்னதால்தான் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இந்த எழுத்தர்மேல் அக்கறை கொண்டார். சர் பிரான்சிஸ் பொறியாளர். கணித ஆராய்ச்சியாளர் அல்லர். ஆனால், நம்பத்தக்க ஒருவர் தாம் கண்டதைச் சொன்னபோது காது கொடுத்தார். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் லண்டனுக்கு எழுதினார். அங்கிருந்து பேராசிரியர் ஹில் தந்த விடையில் ஊக்கமும் இருந்தது. முடிவிலாத் தொடர்களைக் கையாள்வதில் இவ்விளைஞர் வழுக்கிவிட்டார் என்ற கண்டிப்பும் இருந்தது.

1913 பிப்ரவரியில், வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் துறைமுக அலுவலகத்திற்கு வந்தார். அவர் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் மாணவராகத் தேறியவர். ராமானுஜனின் தாள்கள் அவருக்குக் காட்டப்பட்டன. பிப்ரவரி 26-ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். சான்று எழுதுவோர் அனைவரும் பாடமாகக் கொள்ளத்தக்க கடிதம் அது. அதன் கருத்தை நம் சொற்களில் கூறுகிறோம்.

தாம் கண்ட பகுதி, சொந்தச் சிந்தனையில் கேம்பிரிட்ஜ் கல்லூரிக் கணித ஆய்வாளர் ஒருவரின் வேலைக்கு ஒப்பானது என்று முதலில் கூறினார். அடுத்து, முழுமையும் திட்பமும் அதில் குறைகின்றன என்றும், இவருடைய சூழ்நிலையில் அது எதிர்பார்க்கக்கூடியதே என்றும் எழுதினார். மூன்றாவதாக, இவர் உழைக்கும் பிரிவில் தமக்குத் தனிப் பயிற்சி இல்லாமையால், இவருடைய ஆற்றலின் முழு அளவைத் திட்டமாகக் கூறத் தம்மால் இயலாது என்று ஒப்பினார். இறுதியாக, பிழைப்பைப் பற்றிய கவலையின்றிச் சில ஆண்டுகளாவது இவர் கணிதத்திலேயே ஈடுபடப் பல்கலைக்கழகம் உதவினால் அது தக்க செயலே என்பதில் தமக்கு ஐயமில்லை என்று முடித்தார்.

கண்டது என்ன, குறை என்ன, தமக்குத் தெரியாதது என்ன, செய்ய வேண்டியது என்ன: இந்நான்கும் சில வரிகளுக்குள் அடங்கிவிட்டன. குறையைச் சொன்னதால் கடிதத்தின் வலிமை குன்றியதா என்றால், இல்லை. பட்டம் இல்லாத எழுத்தர் ஒருவருக்குப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. இதற்கிடையே, 1913 ஜனவரி 16-ஆம் நாளிட்ட ராமானுஜனின் கடிதம் ஹார்டியை அடைந்திருந்தது. 1914 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞரும் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். அவ்வாண்டு மார்ச்சு 17-ஆம் நாள் ராமானுஜன் கப்பலேறினார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இத்தொடரில் முதல் கண்ணியாக நின்றவர்களுள் நாராயண ஐயர் முக்கியமானவர். தம் கீழ் வேலை செய்த எழுத்தர் தம்மைவிட வல்லவர் என்பதைக் கண்டும், அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்காத உள்ளம் எல்லா அலுவலகங்களிலும் கிடைப்பதன்று.

நம்மில் எவரும் நாள்தோறும் ஒரு ராமானுஜனோடு வேலை செய்வதில்லை. ஆனால், லேத் ஓட்டுபவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் சான்று கூறும் முறை ஒன்றேதான். எத்தனை காலம், எந்த நிலையில் அவரோடு பழகினோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அடுத்து, கண்ட செயல்களைச் சொல்ல வேண்டும். திறமைசாலி, நேர்மையாளர், கடும் உழைப்பாளி என்ற அடைமொழிகள் எல்லாருடைய கடிதத்திலும் இருப்பவை. படிப்பவர் கண் அவற்றின்மேல் நிற்பதில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடியும் நாளில் ஒருமுறையும் விடுப்பு எடுத்ததில்லை என்று எழுதினால் கண் நிற்கும். காணாததைக் கேட்டால், அது நாம் அறியாதது என்று சொல்லிவிட வேண்டும்.

சொல்லத் தகாதவையும் உள. சாதி, சமயம், குடும்பச் சண்டை, கடன், நோய், பெண்ணாயின் திருமணமும் மகப்பேறும், தொழிற்சங்கத்தில் இருந்தாரா என்பது, இவற்றுள் எதைக் கேட்டாலும், வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று கூறிவிடலாம். நம் ஊர்க்காரர் என்பதும் இப்பட்டியலில் சேர வேண்டியதே. வெளியூரில் தமிழர் தமிழருக்கு உதவுவது இயல்பு. வேலை காலியாக இருப்பதைத் தெரிவிப்பதும், தங்க இடம் தருவதும், பேருந்து எண் சொல்வதும் நல்ல உதவிகள். ஆனால், தமிழர் என்பதற்காக ஒருவருடைய தொழில் திறமைக்கு உறுதி கூறினால், அடுத்து வரும் தமிழருடைய உண்மைச் சான்றும் செல்லாக் காசாகிவிடும். அவ்வாறே, நம்மோடு பத்து ஆண்டு உழைத்த கன்னடியருக்கும் பீகாரிக்கும் நாம் சான்று கூறக் கடமைப்பட்டவர்களே. உழைப்பைக் கண்ட கண்ணுக்கு மொழி வேறுபாடு இல்லை.

இனி, கடினமான கேள்விக்கு வருவோம். நல்லதாகச் சொல்ல முடியாத ஒருவர் வந்து கேட்டால் என் செய்வது? முகத்துக்கு நேரே மறுக்க நமக்குக் கூச்சம். அதற்காகச் சரி என்று சொல்லிவிட்டு, பின்பு தொலைபேசியில் தாழ்த்திப் பேசுபவர்கள் உண்டு. கேட்டவரைக் கைவிடும் முறைகளில் இதுவே மிகத் தீயது. ஏனெனில், அவர் நம்மை நம்பி வேறொருவரைத் தேடாமல் இருந்துவிட்டார். நான் உங்களுக்குத் துணையாகப் பேசக்கூடிய நிலையில் இல்லை, வேறொருவரைக் கேளுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்வது அன்றைக்குக் கசக்கும்; ஆனால், அவருக்கு வாய்ப்பு மிஞ்சும். ஒரு துறையில் நல்லவர், மற்றொன்றில் குறையுடையவர் என்றால், இன்னதை மட்டும் நான் சொல்ல முடியும், உமக்குச் சம்மதமா என்று அவரிடமே கேட்கலாம். குறை சொல்ல நேர்ந்தால், நேரில் கண்டதாகவும், வேலைக்குத் தொடர்புடையதாகவும், அவரிடமே முன்பு சொல்லியதாகவும் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று இல்லாவிடினும் வாயை மூடிக்கொள்வதே அறம்.

ஒருவேளை அந்த வேலை பிறர் உயிரையோ பணத்தையோ தொடுவதானால், பேசாமல் இருப்பதும் குற்றமாகாதா என்று நேயர்கள் கேட்கலாம். இவ்விடத்தில் சட்டத்தின் நிலையை அறிவது நலம். 2024 ஜூலை 1-ஆம் நாள் முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அவதூற்றைப் பற்றிய அதன் 356-ஆம் பிரிவும், பழைய சட்டத்தின் 499-ஆம் பிரிவைப் போலவே, தம் நலனையோ பிறர் நலனையோ பொதுநலனையோ காப்பதற்காக நல்லெண்ணத்தோடு ஒருவர் நடத்தையைப் பற்றிக் கூறுவதை அவதூற்றினின்று விலக்குகிறது. ஆனால், நல்லெண்ணம் என்பதற்குச் சட்டம் தனிப்பொருள் கொள்கிறது. தக்க கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது. மனத்தில் கெடுதல் இல்லை என்பது மட்டும் போதாது. விசாரித்து, சரிபார்த்துப் பேசியிருக்க வேண்டும்.

இதே நெறியைப் பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1994-இல் ஒரு வழக்கில் வலியுறுத்தியது. காப்புறுதி விற்பனையாளர் ஒருவரைப் பற்றி, அவர் முன்பு வேலை செய்த நிறுவனம், நேர்மையற்றவர் என்று பொருள்படச் சான்று கொடுத்துவிட்டது. அது சரியான விசாரணையின்மேல் எழுதப்பட்டதன்று. சான்று எழுதும் முதலாளி, கேட்பவருக்கு மட்டுமன்றி, எவரைப் பற்றி எழுதுகிறாரோ அந்த ஊழியருக்கும் கவனக் கடமை உடையவர் என்று சபை தீர்ப்பளித்தது. ஒருவருடைய பிழைப்பு நம் பேனா முனையில் நிற்கும்போது, அவசரமாக எழுதும் உரிமை நமக்கில்லை என்பதே இதன் சாரம்.

சொற்களின் எடையைப் பற்றி, மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறோம். ஜெர்மனியில் பணியிலிருந்து விலகும் ஊழியருக்கு எழுத்து மூலமான சான்று கொடுப்பது சட்டக் கடமை. அது உண்மையாகவும் இருக்க வேண்டும். ஊழியரின் எதிர்காலத்தைக் கெடுக்காத நல்லுணர்வோடும் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு நீதிமன்றங்களின் கொள்கை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மறைபாஷை வளர்ந்துவிட்டது. எப்போதும் எங்களுக்கு மிக முழுமையான திருப்தி அளித்தார் என்றால் முதல் தரம். எப்போதும் என்ற ஒரு சொல்லை விட்டு, முழுத் திருப்தி அளித்தார் என்று மட்டும் எழுதினால் நடுத்தரம். முயற்சி செய்தார் என்று எழுதினாலோ, முயன்றும் முடியவில்லை என்று பொருள். வெளிப்படையாகத் தோன்றும் பொருளுக்கு மாறான குறிப்புகளைச் சான்றில் வைக்கலாகாது என்று சட்டமே விலக்கியிருக்கிறது. ஆயினும் வழக்கம் நின்றபாடில்லை.

நம் நாட்டிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்த அலுவலர் ஒருவருடைய இரகசியக் குறிப்பேட்டில் ஓர் ஆண்டு 'நன்று' என்று எழுதப்பட்டது. கேட்டால் எவரும் மகிழும் சொல். ஆனால், பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டும் என்பது விதி. நன்று என்ற நல்ல சொல்லே அவருடைய உயர்வைத் தடுத்தது. அப்படி எழுதப்பட்டிருப்பது அவருக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை. தேவ் தத் வழக்கு என்று வழங்கும் அவ்வழக்கில், எந்தத் தரமாயினும் அதை ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. ஒருவரைப் பற்றி எழுதுவதை அவர் அறியாமல் எழுதுவது முறையன்று என்ற அந்த நீதி, அலுவலகக் குறிப்பேட்டைக் கடந்து நம் எல்லாருக்கும் பொருந்தும்.

சான்று கேட்பவருக்கும் கடமைகள் உள. நம்மைக் கேளாமலேயே நம் பெயரைக் கொடுத்துவிடுதல் தவறு. எந்த நிறுவனம், எந்த வேலை, அவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதை முன்கூட்டியே தெரிவித்தால், பேசுபவர் நினைவைத் திரட்டிக்கொள்வார். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பின்பு ஒரு சொல் தெரிவிப்பது பண்பு. பல நிறுவனங்கள், பணியில் சேர்ந்த நாள், விலகிய நாள், பதவியின் பெயர் ஆகியவற்றை மட்டும் எச்.ஆர். பிரிவின் வழியாக உறுதி செய்யும் வழக்கத்தைக் கொண்டிருக்கின்றன. அங்கே உடன் பணியாற்றியவர் சொல்வது அவருடைய சொந்தச் சொல்லே. அதை நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதலாகாது. தொலைபேசியில் கேட்பவர் உண்மையில் யார் என்பதை உறுதி செய்துகொண்ட பின்பே பேச வேண்டும் என்பதும் இக்காலத்து எச்சரிக்கை.

தொழிலாளர் ஆவணத்தையும் மறத்தலாகாது. 1946-ஆம் ஆண்டின் தொழில் நிலையாணைச் சட்டத்தின் கீழ் அமைந்த மைய அரசின் மாதிரி ஆணைகள், பணியிலிருந்து நீக்கப்படும் அல்லது ஓய்வு பெறும் நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிச் சான்றிதழ் பெறும் உரிமையைக் கூறின. நீக்கப்பட்டவருக்கும் அவ்வுரிமை உண்டு என்று கூறியதே கவனிக்கத்தக்கது. அவர் உழைத்த காலம் உழைத்த காலமே என்பது அதன் உட்கருத்து. அச்சட்டத்தின் இடத்தில், 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டம் எதுவாயினும், விலகும் நாளிலேயே பணிச் சான்றையும், ரிலீவிங் லெட்டரையும், சம்பளச் சீட்டுகளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தொழிற்கூடம் மூடிய பின், கேட்பதற்கு ஆளே இருக்கமாட்டார்.

காகிதம் நாட்களைச் சொல்லும்; அந்த நாட்களில் ஒருவர் எப்படி உழைத்தார் என்பதை உடனிருந்தவரே சொல்ல வேண்டும். ஆகவே, ஒரு சிறு வேண்டுகோள். உங்களோடு வேலை செய்து இப்போது விலகிப் போகிறவர் எவரேனும் இருந்தால், அவர் கேட்கும் வரை காத்திராமல், நீங்கள் கண்ட நல்ல செயல்கள் இரண்டு மூன்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். நினைவு புதிதாக இருக்கும்போது எழுதிய அந்தத் தாளைக் காட்டிலும் பயனுள்ள பிரிவுபசாரப் பரிசு அரிது. பூமாலை மறுநாள் வாடிவிடும்; இந்தத் தாள் அவருக்கு வேறோர் ஊரில், முன்பின் அறியாத ஓர் அதிகாரியின் மேசைமேல், உங்களுக்குப் பதிலாக நின்று பேசும்.